ஆள் விட்டு விசாரித்த உடம்பு

பழைய சாமான் கடைக்காரருக்குத் தெருவில் பெயர் பாதிவிலை. யார் எதற்கு என்ன விலை சொன்னாலும், சொன்ன வாய் மூடுவதற்குள் "பாதி" என்பார். நாற்காலிக்கும் பாதி, நிலைக்கண்ணாடிக்கும் பாதி. முடி வெட்டுகிறவன் கூலி கேட்டபோதுகூட வாய் தவறாமல் பாதிதான் வந்தது. "அப்ப பாதித் தலையோட போங்க" என்று அவன் கத்தரியைக் கீழே வைத்துவிட்டான். வாழ்நாளில் அன்றைக்கு ஒருநாள் முழுதாகக் கொடுத்தார்.

அவர் தொழிலில் ஒரு முறை உண்டு. சாமான் விற்கிற வீட்டுக்கு முதலில் அவர் போகமாட்டார். மனைவியின் தம்பியை அனுப்புவார். மச்சினன் கன்னமும் வயிறும் ஒன்றோடொன்று போட்டி போட்டு வளர்ந்த ஆள். வழியோடு போகிறவன் மாதிரி அந்த வீட்டுக்குள் நுழைந்து, பீரோவைத் தட்டிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, "இதை எவன் வாங்குவான்? விறகுக்குத்தான் ஆகும்" என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்டுவிட்டு வந்துவிடுவான். வீட்டுக்காரர் இரண்டு நாள் மனம் நொந்து கிடப்பார். அதற்கப்புறம் பாதிவிலை போவார். பாதி என்பார். கொடுத்தவர் கையெடுத்துக் கும்பிட்டு, தானே ஒரு பக்கம் பிடித்து வண்டியில் ஏற்றிவிடுவார்.

"தேவைப்பட்டவன் முகத்தைக் காட்டினா விலை ஏறும் மாப்ளே." இதுதான் பாதிவிலை படித்த படிப்பு. மேல்படிப்பு என்று இன்னொன்றும் வைத்திருந்தார். எந்தச் சாமானைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "ஏன் விக்கிறீங்க?" காரணம் இல்லாமல் எவனும் எதையும் கைவிட மாட்டான். காரணம் சொல்லாதவன் திருடன். சும்மா கொடுக்க வருகிறவன் திருடனுக்கு அண்ணன்.

அப்பேர்ப்பட்டவருக்கு உடம்பு என்னவோ போல ஆனது.

வலி என்றால் இந்த இடம் என்று கை வைத்துக் காட்டலாம். காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். இது எதிலும் சேராமல், வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் கடையின் ஷட்டரைத் தூக்கும்போது கனத்தது. ஷட்டர் துருப்பிடித்துவிட்டது என்று எண்ணெய் விட்டார். மறுநாளும் கனத்தது. மறுபடி எண்ணெய் விட்டார். ஷட்டர் வழுக்கிக்கொண்டு ஓடியது, அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. பரண் ஏறினால் பாதி ஏணியில் நின்றுவிடுவார். ஏணிப்படியை அகலம் அகலமாக வைத்துவிட்டான் என்று தச்சனைத் திட்டுவார். டீ ருசிக்கவில்லை, டீக்கடைக்காரன் தண்ணீர் கலக்கிறான். கண் மங்கியது, பல்ப் போலி. இப்படி உலகத்தில் உள்ள எல்லாம் ஒரே மாதத்தில் கெட்டுப்போயின. அவர் ஒருவர்தான் நன்றாக இருந்தார்.

மனைவிக்கு மட்டும் கணக்கு வேறாகத் தெரிந்தது. சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்தாள்.

"என்னங்க, சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கீங்க. ஒரு எட்டு டாக்டரைப் பார்த்துட்டு வந்தா என்ன?"

"போய் என்னன்னு சொல்றது? என்னவோ போல இருக்குன்னா? என்னவோவுக்கு மாத்திரை இருக்கா?"

"இருக்கா இல்லையான்னு அவங்க சொல்லட்டுமே. நீங்க ஏன் முன்கூட்டியே சொல்றீங்க?"

"உனக்குத் தெரியாதுடி. பேரு தெரியாத வியாதியோட போனா, பேரு வைக்கிறதுக்கே வீட்டை வித்துடுவானுங்க. இதை எடு, அதை எடுன்னு கீழிருந்து மேல வரைக்கும் படம் பிடிப்பான். கடைசியில 'ஒண்ணுமில்ல, வயசாச்சு'ன்னுவான். அதை நானே சொல்லிக்குவேன், சும்மா."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வயசு ஒரே மாசத்துலயா வரும்? தவணையில இல்ல வரும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்தக் கேள்வி மட்டும் செருப்புக்குள் கல் மாதிரி உறுத்தியது. இரண்டு நாள் நடந்து பார்த்தார், போகவில்லை. மூன்றாம் நாள், கடையில் பழைய சோபாவில் சாய்ந்திருந்தபோது யோசனை உதித்தது. அவர் மூளையில் உதிக்கிற யோசனை வேறு எது? விலை தெரியாத சரக்கு. முகத்தைக் காட்டினால் ஏறும். அப்படியானால் ஆள் விடவேண்டியதுதானே!

"மாப்ளே, இங்க வா. அந்தத் தெரு முனையில ஒரு டாக்டரம்மா இருக்காங்கல்ல? நீ போ. எனக்கு இருக்கிறதை உனக்கு இருக்கிறதாச் சொல்லு. என்ன சொல்றாங்கன்னு விசாரிச்சுட்டு வா."

மச்சினனுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் வாயெல்லாம் பல். "அத்தான், பீரோவைத் தட்டிப் பார்க்கிற மாதிரியா?"

"அதே மாதிரி. அவசரம்னு காட்டிக்காதே. ஏதோ இந்தப் பக்கம் வந்தேன், எட்டிப் பார்த்தேன்னு சொல்லு."

பிறகு பாடம் நடந்தது. அசதி, மூச்சு வாங்குவது, தலை கிறுகிறுப்பது, ருசியில்லாதது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். அவன் ஒப்பித்தான். இரண்டு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. ஒன்று, முட்டிவலிக்குத் தினமும் விழுங்குகிற மாத்திரை. மருந்துக் கடைக்காரர் தேதி முடியப்போகிற அட்டைகளை இவருக்கென்று ஒதுக்கி வைத்திருந்து பாதிக்குத் தருவார். காலையில் வெறும் வயிற்றில் டீயோடு ஒன்று போட்டால்தான் கால் நகரும். அது முட்டி சமாச்சாரம், உடம்பு சமாச்சாரம் இல்லை என்பது அவர் கணக்கு. இன்னொன்று, கக்கூஸ் சமாச்சாரம். சில நாளாக வெளிக்குப் போவது தார் மாதிரி கறுப்பாக இருந்தது. கடைத் தூசி உள்ளே போய்த்தான் அப்படி என்று அவரே தீர்ப்பும் எழுதிவிட்டார். மான மரியாதை உள்ளவன் அதையெல்லாம் மச்சினனிடமா சொல்வான்?

மச்சினன் போனான். சாயங்காலம் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு, சம்பந்தம் பேசி முடித்தவன் மாதிரி வந்தான்.

"அத்தான், உங்களுக்கு ஒண்ணுமே இல்ல!"

"நல்லாப் பார்த்தாங்களா?"

"நல்லாவா? நாக்கை நீட்டச் சொன்னாங்க, கண்ணைப் பார்த்தாங்க, நெஞ்சுல குழாய் வச்சாங்க, ரத்தம் எடுத்தாங்க. ரத்தம் ராஜா மாதிரி இருக்காம். 'இவ்வளவு நல்ல ரத்தத்தை வச்சுக்கிட்டு அசதின்னு சொல்றீங்களே, வெக்கமா இல்லையா'ன்னு கேட்காத குறைதான். எடைதான் கூடவாம். தினமும் நடக்கணும், ராத்திரி சாப்பாட்டைக் குறைக்கணும்னாங்க. அவ்வளவுதான்."

பாதிவிலைக்குக் கண் கலங்கியது. உள்ளுக்குள் எவ்வளவு பயந்திருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. மனைவியைக் கூப்பிட்டுச் சீட்டைக் காட்டினார்.

"பார்த்தியாடி? டாக்டரே சொல்லிட்டாங்க. ரத்தம் ராஜா மாதிரி."

அவள் சீட்டையும் பார்த்தாள், தம்பியின் கன்னத்தையும் பார்த்தாள். "இது யாரு ரத்தம்?" என்று கேட்டாள்.

"ரத்தத்தை விடு. வியாதி என்னோடதுதானே? வியாதியை நான்தானே சொல்லி அனுப்பினேன்?"

அவள் சீட்டை அவர் கையிலேயே திணித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். இதற்கு யார் பதில் சொல்வது? சில முட்டாள்தனம் அவ்வளவு நேர்த்தியாக இருக்கும், எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்று தெரியாது.

மறுநாள் முதல் வைத்தியம் ஆரம்பமானது. கொழுத்தவனுக்குச் சொன்ன வைத்தியத்தை, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தவர் செய்தார். விடியற்காலையில் எழுந்து நடந்தார். விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே வந்தவர்கள் "என்ன, கம்பத்துக்கும் விலை பேசறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கினார். அது அவருக்குக் கைவந்த கலை. நடந்ததில் முட்டி வலி கூடியது. அதனால் மாத்திரையும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்றானது. எலிக்கு வைத்த பொறியில் தானே கால் வைத்து, எலி மாட்டவில்லையே என்று காத்திருந்த கதை.

இப்படி இருக்கையில் ஒரு வீட்டில் மர அலமாரி விலைக்கு வந்தது. மச்சினன் முதலில் போய் விறகுக்கு விலை கேட்டுவிட்டு வந்திருந்தான். அதற்கப்புறம் பாதிவிலை போனார். மாடி வீடு. படியேறி மேலே போய் நின்றபோது நெஞ்சு தறி மாதிரி அடித்தது. வீட்டுக்கார அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு விலை சொன்னார்.

பாதிவிலை வாயைத் திறந்தார். பாதி வரவில்லை. அலமாரி இரண்டாகத் தெரிந்தது, அம்மாள் நான்காகத் தெரிந்தார். காலடியில் தரை நழுவ, அங்கே கிடந்த சோபாவில் மூட்டை மாதிரி சரிந்தார்.

அம்மாள் பயந்துபோனார். ஆனாலும் ஏமாந்து பழகியவர். "விலையைக் கேட்டு மயக்கம் போடறது புதுசா இருக்கே! எழுந்திருங்க, நாடகமெல்லாம் என்கிட்ட வேண்டாம்" என்றார். எழுந்திருக்கவில்லை. "சரி, கொஞ்சம் குறைச்சுக்கறேன்" என்றார். அப்போதும் எழுந்திருக்கவில்லை. "ஐயா, ஐயா! பாதிக்கே எடுத்துக்கோங்க, கண்ணைத் திறங்க!" என்று அலறினார். அந்த நேரம் பார்த்துத்தான் கண் திறந்தது.

தண்ணீர் குடித்ததும் அவர் முதலில் கேட்டது, "பாதின்னு சொன்னீங்கல்ல?"

அந்தப் பெருமை வீட்டு வாசல் வரைதான் நின்றது. செய்தி கேட்டு ஓடிய மச்சினன் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் மனைவி கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவரைக் கட்டிலில் கிடத்திவிட்டுத் தம்பியின் பக்கம் திரும்பினாள். பாதிவிலைக்கு அந்தக் குரல் தெரியும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் குரல் வந்தபோதெல்லாம் யாரோ ஒருவர் தோற்றிருக்கிறார்கள், அது அவளாக இருந்ததில்லை.

"அந்த டாக்டரம்மா உன்னை என்னென்ன கேட்டாங்க? ஒண்ணு விடாம சொல்லு."

"அதான் சொன்னேனே அக்கா, ரத்தம்..."

"அவங்க சொன்னதைக் கேட்கலடா. அவங்க கேட்டதைக் கேட்கிறேன்."

மச்சினன் தலையைச் சொறிந்தான். "கேட்டாங்க... எடை குறைஞ்சுதான்னு. இல்லைன்னேன். என் எடை எங்க குறைஞ்சுது? வலி மாத்திரை ஏதாவது போடறீங்களான்னு. இல்லைன்னேன். படியேறினா மூச்சு வாங்குதுன்னு சொல்றீங்களே, நெஞ்சு வலிக்குதான்னு. இல்லைன்னேன். அப்புறம்..." சிரிப்பை அடக்கினான். "அக்கா, அதைப் போய் உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

"சொல்லுடா."

"வெளிக்குப் போறது கறுப்பா, தார் மாதிரி போகுதான்னு கேட்டாங்க. சே, அதெல்லாம் இல்லைன்னேன். அவங்க கூட, 'நல்லது, அது இருந்தா அன்னைக்கே ஓடி வரணும், ஒருநாள்கூட இருக்கக் கூடாது'ன்னாங்க. எனக்கு எதுக்குக்கா கறுப்பாப் போகுது? நான் நல்லாத்தானே இருக்கேன்?"

அவன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. கட்டிலில் இருந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் நெற்றியில் வேர்த்தது. அன்னைக்கே ஓடி வரணுமாம். எத்தனை அன்னைக்கு ஆகிவிட்டது என்று நினைக்கவே பயமாக இருந்தது. சொன்னால் இத்தனை நாள் பேசிய பேச்செல்லாம் பொய்யாகும், மச்சினன் முன்னால் மானம் போகும், ஆயுசுக்கும் அவள் சொல்லிக்காட்டுவாள். சொல்லாவிட்டால்? செத்துப்போனால் யாரும் சொல்லிக்காட்ட முடியாது, அது ஒன்றுதான் அதில் லாபம். தொழில் தெரிந்தவர், லாபத்தையும் சரக்கையும் தட்டிப் பார்த்தார். உள்ளே வெறும் கூடாக இருந்தது.

"ஏண்டி," என்றார் சுவரைப் பார்த்தபடியே. "எனக்குப் போகுது."

"என்ன போகுது?"

"அவன் சொன்னது."

அவள் வாசலுக்குப் போனாள். செருப்பை எடுத்துவந்து அவர் காலடியில் போட்டாள். இதற்கு அவள் திட்டியே இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

டாக்டரம்மா அறையில் ஒரு மேஜை, ஒரு திரை, எடை பார்க்கிற இயந்திரம், அவ்வளவுதான். மனைவியும் மச்சினனும் பின்னால் நிற்க, பாதிவிலை நாற்காலியில் உட்கார்ந்தார். வரும் வழியெல்லாம் சத்தியம் பண்ணிக்கொண்டு வந்ததுதான். ஆனாலும் பிறவிக்குணம் எங்கே போகும்? உட்கார்ந்ததும் வாய் தன்பாட்டுக்குச் சொன்னது:

"அம்மா, எனக்கில்ல. தெரிஞ்சவர் ஒருத்தருக்கு உடம்பு என்னவோ போல இருக்காம். கறுப்பாப் போகுதாம். அப்படின்னா என்னவா இருக்கும்னு சும்மா கேட்டுட்டுப் போகலாம்னு..."

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். பின்னால் நின்ற மச்சினனைப் பார்த்தார். அவன் எடை இயந்திரத்துக்குப் பின்னால் ஒளியப் பார்த்தான், அது அவனை மறைக்கிற இயந்திரம் இல்லை.

"அந்தத் தெரிஞ்சவர் கண்ணைக் கொஞ்சம் காட்டச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

எழுந்து வந்து அவரே கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்கவேண்டிய இடம் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. நாடியைப் பிடித்தார். முகம் மாறியது.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"முட்டிக்குப் போடறாரு, ரெண்டு வேளையும், வெறும் வயித்துல" என்றாள் மனைவி.

"அது முட்டிக்கும்மா" என்றார் பாதிவிலை.

"முட்டி உங்க உடம்புலதானே இருக்கு? இல்ல, அதுக்கும் வேற ஆளை வச்சிருக்கீங்களா?"

மச்சினனுக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பியதும் நின்றுவிட்டது.

"அன்னைக்கு நான் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் இவரைத் தேடித்தான் கேட்டேன். நீங்க உங்களுக்குப் பதில் சொல்லிட்டுப் போயிட்டீங்க. அசதி எல்லாருக்கும் வரும். தூங்கினா, நல்லாச் சாப்பிட்டா தானாப் போற அசதி உண்டு. அது போகாம வாரக்கணக்கா நின்னா, நிறம் வெளுத்தா, உடம்பு இளைச்சா, வந்து காட்டணும். கறுப்பாப் போனா, மயக்கம் வந்தா யோசிக்கவே கூடாது, அந்த நிமிஷமே கிளம்பணும். அந்த மாத்திரை இவர் வயித்தைப் புண்ணாக்கி, உள்ளேயே ரத்தம் கசிஞ்சுக்கிட்டு இருக்குன்னு நினைக்கிறேன். இப்பவே பெரிய ஆஸ்பத்திரி. நடந்து போகக் கூடாது. வண்டி."

"நடக்கணும்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?" என்றார் பாதிவிலை, கடைசிப் பிடியாக.

"இவரைச் சொன்னேன்!" என்று மச்சினனைக் காட்டினார் டாக்டரம்மா.

பெரிய ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். டாக்டரம்மா சொன்னது சொன்னபடி இருந்தது. புண்ணை அடைத்தார்கள். இருக்கவேண்டிய ரத்தத்தில் பாதிதான் இருக்கிறது என்றார்கள். தெருவில் இதைக் கேட்டவன் ஒருவன்கூடச் சிரிக்காமல் இருக்கவில்லை. முடி வெட்டுகிறவன் கத்தரியைக் கீழே வைத்துவிட்டே சிரித்தானாம்.

மச்சினன் தன் ராஜ ரத்தத்தைக் கொடுக்கிறேன் என்று சட்டையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தான். வகை சேரவில்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள், வேறு யாருக்காவது ஆகும் என்று. அவனுக்கு ஏமாற்றம். அத்தானுக்குள் ஓடி, அந்தப் பழைய சீட்டை உண்மையாக்கிவிடலாம் என்று நினைத்திருந்தான்.

பாதிவிலை கட்டிலில் படுத்திருந்தார். ஒரு நர்ஸ் வந்து சிவப்புப் பையைக் கம்பியில் மாட்டி, குழாயை அவர் கையில் இணைத்தாள். முதல் சொட்டு இறங்கியது. அவர் பையையே பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாகப் பழைய சரக்கு ஒன்று விசாரணை இல்லாமல் உள்ளே போகிறது. தாங்கவில்லை.

"அம்மா, இது யாருது?"

"தெரியாதுங்க. யாரோ கொடுத்தது."

"ஏன் கொடுத்தான்?"

"ஏன்னா? கொடுக்கணும்னு தோணியிருக்கும், கொடுத்திருப்பாங்க."

"எவ்வளவுக்கு?"

"சும்மாதான்."

பாதிவிலையின் புருவம் நெரிந்தது. முகம் தெரியாதவன், காரணம் சொல்லாதவன், சும்மா கொடுத்தவன். அவர் படித்த படிப்புப்படி திருடனுக்கு அண்ணன். இதில் ஏதோ குறை இல்லாமல் இருக்காது. கையைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. மனைவி பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் சிவந்து வீங்கியிருந்தது. எப்போது அழுதாள் என்று தெரியவில்லை.

"என்னங்க பெரியவரே, பிடிக்கலையா?" என்றாள் நர்ஸ். "வேண்டாம்னா சொல்லுங்க, கழட்டிடறேன். வெளியில நிறையப் பேரு காத்துக்கிட்டு இருக்காங்க."

பாதிவிலை கையை அசையாமல் வைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்மா, இருக்கட்டும்" என்றார். "வந்த சரக்கைத் திருப்பி அனுப்புற பழக்கம் நம்ம கடையில கிடையாது."